அம்மா படகில், மகள் சைக்கிளில்

கேள்வி: ஏப்ரலில் அம்மாவுடன் ஹிரோஷிமா போகிறேன். ஒரு நாளைக் கடலோர ஊரான ஒனோமிச்சிக்கு ஒதுக்கியிருக்கிறேன். எனக்கு அங்கே சைக்கிள் ஓட்ட ஆசை. அம்மாவுக்கோ முழங்கால் வலி. இரண்டும் ஒத்துவருமா?

பதில்: தாராளமாக ஒத்துவரும். ஆனால் ஒனோமிச்சியிலிருந்து தீவுகளைப் பாலங்களால் இணைத்துப் போகும் ஷிமனாமி கைடோ பாதையில், மறுமுனையான இமாபரி வரைக்கும் சைக்கிளில் போகும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அது சுமார் 70 கிலோமீட்டர். உங்கள் நாள் அதிலேயே போய்விடும். நடுவில் இகுச்சி தீவில் உள்ள செதோடா வரை போதும். பாதி தூரம்கூட இல்லை. சாலையோரத்து நீலக் கோடே வழிகாட்டி. முதலில் எதிரே உள்ள முகாய்ஷிமா தீவுக்கு ஃபெர்ரியில் கடந்துவிடுங்கள், சில நிமிடம்தான். அப்புறம் வரும் இன்னோஷிமா பாலத்தில் கார்கள் தலைக்கு மேலே ஓடும், சைக்கிளுக்குக் கீழ்த்தளம். எனக்கு அந்த வழியிலேயே பிடித்த இடம் அதுதான்.

அம்மா ஒனோமிச்சி துறையிலிருந்து பயணிகள் படகில் நேராக செதோடா வந்துவிடலாம். முக்கால் மணி நேரம்கூட ஆகாது. படகுகள் குறைவு, நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது உங்கள் சைக்கிளையும் அதே படகில் ஏற்றலாம், தனிக் கட்டணம் உண்டு.

செதோடாவில் இருவரும் சேர்ந்து பார்க்கவேண்டியது கோசன்ஜி. குழாய் உற்பத்தியில் பணம் சேர்த்த ஒருவர், தாய் இறந்தபின் துறவியாகி, 1936 முதல் அவர் நினைவாகக் கட்டிய கோயில். நிக்கோ என்ற ஊரின் ஆலயத்தில் உள்ள புகழ்பெற்ற வாயிலைக்கூட அப்படியே நகல் எடுத்துவைத்திருக்கிறார். கொஞ்சம் பகட்டுதான், அம்மாக்களுக்குப் பிடிக்கும். பின்னால் இத்தாலியப் பளிங்கில் ஒரு வெள்ளைக் குன்று இருக்கிறது. வெயிலில் கண் கூசும்.

ஒனோமிச்சி படிக்கட்டு ஊர். சென்கோஜி மலைக்கு ரோப்வேயில் போய், இறங்கும்போது நடந்து வாருங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். முழங்கால் வலிக்கு இறக்கம்தான் எதிரி. அம்மாவுக்கு இருவழி டிக்கெட்டே வாங்குங்கள். பூனைச் சந்து, தென்னெய்ஜி கோபுரம் எல்லாம் நீங்கள் மட்டும் போய்வந்தால் போதும். ஏப்ரல் தொடக்கம் என்றால் மேலே பூங்காவில் செர்ரி பூத்திருக்கும், கூட்டமும் இருக்கும்.

ரயிலில் ஒரு எச்சரிக்கை: ஷின்-ஒனோமிச்சியில் இறங்காதீர்கள். அது மலைக்குப் பின்னால், பஸ் பிடிக்கவேண்டும். மிஹாரா நிலையத்தில் ஷின்கான்சென் அதிவேக ரயிலை விட்டு உள்ளூர் ரயிலில் மாறினால் ஒனோமிச்சி நிலையம், எதிரிலேயே கடல்.

அம்மா சைவமா என்று எழுதவில்லையே. ஆமென்றால் ஒனோமிச்சி ராமென் என்ற நூடுல்ஸ் சூப் பக்கம் போகவேண்டாம். சோயா சூப்பில் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் மிதக்கும்.