பத்தாயிரம் இல்லாமல் கடைவாய்ப் பல்லைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: வயது 36. திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை. ஒரு மாதமாக ராத்திரியில் தூங்க விடாத வலி. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் மறுபடி வருகிறது. வேர் சிகிச்சை (ரூட் கேனால்), அதன் மேல் போடுகிற கேப் எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் ஆகும் என்கிறார்கள். வீட்டுக்காரருக்கு நிரந்தர வேலை இல்லை. ஏழு வயதுப் பையனுக்கும் பின்பல்லில் கறுப்பாக ஓட்டை தெரிகிறது. இலவசமாக எங்கே பார்ப்பார்கள்? பேசாமல் பிடுங்கிவிடலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரி, முதலில் உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், அதில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து கம்பெனியும் பதிவு செய்திருந்தால், உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் அதற்குப் போகிறது, முதலாளி தன் பங்காக மூணேகால் ரூபாய் கட்டுகிறார். பீஸ் ரேட், கான்ட்ராக்ட் என்றாலும் இந்த உரிமை உண்டு. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும்தான் இ.எஸ்.ஐ. என்று நினைத்துக்கொண்டு பல்லுக்குக் கைக்காசைச் செலவழிப்பவர்கள் நிறையப் பேர். பல்லும் அதில் அடக்கம், உங்களுக்கு மட்டுமல்ல, பையனுக்கும் சேர்த்து. பக்கத்து இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய்ப் பல் வலி என்று சொல்லுங்கள், பல் பிரிவு உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அங்கிருந்து எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள்.

இ.எஸ்.ஐ. இல்லையா, சரி, அடுத்து அரசு மருத்துவமனை. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காலையில் ஓ.பி. சீட்டு போட்டுப் பல் பிரிவுக்குப் போங்கள். பரிசோதனை, பல் எடுப்பது, சொத்தை அடைப்பது இதற்கெல்லாம் காசு கிடையாது. வேர் சிகிச்சை செய்வார்களா என்பது மட்டும் ஊருக்கு ஊர் மாறும், அதிலும் உங்களுக்கு வந்திருப்பது மூன்று நான்கு வேர்க்குழாய்கள் இருக்கிற கடைவாய்ப் பல், அதனால் "இங்கேயே செய்வீர்களா, இல்லை வேறு இடத்துக்கு எழுதித் தருவீர்களா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். கேட்காமல் உட்கார்ந்திருந்தால் பிடுங்குவதோடு முடிந்துவிடக்கூடும்.

உங்கள் நிலையில் நான் அதிகம் நம்புவது பல் மருத்துவக் கல்லூரிகளைத்தான். சூலூர்ப் பக்கம் கண்ணம்பாளையத்தில் ஒன்று, கோவையில் ஒன்று, அந்தப் பக்கம் குமாரபாளையம், திருச்செங்கோடு என்று உங்களைச் சுற்றியே பல இருக்கின்றன. எல்லாம் தனியார் கல்லூரிகள்தான், ஆனால் மாணவர்கள் படித்துத் தேற நோயாளிகள் வேண்டும் என்பதால் வெளியே ஆகிற செலவில் ஒரு பகுதிதான் வாங்குவார்கள், சில சிகிச்சைகளுக்கு அதுவும் இல்லை. "படிக்கிற பிள்ளைகள் கையில் வாயைக் கொடுப்பதா?" என்று எல்லோருக்கும் வருகிற பயம் எனக்குப் புரிகிறது. கடைவாய்ப் பல் வேர் சிகிச்சையைப் பெரும்பாலும் பட்ட மேற்படிப்பு மாணவர்கள் செய்வார்கள், அவர்கள் ஏற்கெனவே பல் மருத்துவர்கள்தான். ஒவ்வொரு கட்டத்திலும் எக்ஸ்ரே எடுத்துப் பேராசிரியரிடம் காட்டி அவர் சரி என்ற பிறகுதான் அடுத்ததற்குப் போக முடியும். அவசரமில்லாமல் செய்வதால் வேலை சுத்தமாகவே இருக்கும். அங்கே உங்களுக்குச் செலவாவது நேரம். நாலைந்து தடவை போக வேண்டியிருக்கும், ஒவ்வொரு தடவையும் அரை நாள் போய்விடும். அதனால் முதல் நாளே உங்கள் நிலைமையைச் சொல்லி, எத்தனை தடவை வர வேண்டும், கேப்போடு சேர்த்து மொத்தம் எவ்வளவு, சனிக்கிழமை தேதி கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வேறு ஊர்களில் இருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1953 முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்திலும், 2023 முதல் புதுக்கோட்டையிலும் அரசுக் கல்லூரிகள் உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மருத்துவ உதவி எண் 104-ஐக் கூப்பிட்டுக் கேட்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நம்பி யாரும் பல்லைத் தள்ளிப்போட வேண்டாம், அது முக்கியமாக மருத்துவமனையில் சேர்ந்து செய்கிற பெரிய சிகிச்சைகளுக்கானது.

இப்போது அந்த மாத்திரை விஷயம். மெடிக்கலில் நாலு மாத்திரையைக் கலந்து சின்னக் கவரில் போட்டுத் தருவார்களே, அதை இன்றோடு நிறுத்துங்கள். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வலி மாத்திரை, ஆன்டிபயாடிக், சில சமயம் ஸ்டீராய்டு கூட இருக்கும். சொத்தை நரம்பு வரை போய்விட்ட பல்லுக்கு ஆன்டிபயாடிக் தீர்வே இல்லை, பல்லைத் திறந்து உள்ளே அழுகியதை எடுக்க வேண்டும், இல்லையென்றால் பல்லையே எடுக்க வேண்டும், மூன்றாவது வழி கிடையாது. சிகிச்சைக்குப் போகும் வரை பாராசிட்டமால் போதும். அடங்காவிட்டால் சாப்பிட்ட பிறகு இபுப்ரோஃபென் 400 சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம் இதில் ஏதாவது இருந்தால் கூடாது. கற்பூரம், ஆஸ்பிரின் தூள் எதையும் ஈறில் வைக்காதீர்கள், வெந்து புண்ணாகிவிடும்.

ஒருநாள் வலி தானாகவே நின்றுவிடும். குணமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம், கிருமி உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கும். தாடைக்கடியில் வீக்கம், நாக்குக்கடியில் தடிப்பு, வாய் திறக்க முடியாமல் போவது, எச்சில் விழுங்கக் கஷ்டம், காய்ச்சல், மூச்சு முட்டல் என்று எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பல்லில் தொடங்கிய சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து. சர்க்கரை இருப்பவர்களுக்கு இது இன்னும் வேகமாகப் பரவும், நீங்கள் சர்க்கரை பார்த்ததே இல்லை என்றால் ஓ.பி.க்குப் போகிற அன்றே பார்த்துவிடுங்கள்.

பிடுங்கலாமா என்று கேட்டீர்கள். கடைசியில் முளைத்த ஞானப்பல் என்றால் தாராளமாக எடுத்துவிடுங்கள். அதற்கு முந்தைய பற்கள் என்றால் ஒரு தடவையாவது காப்பாற்றப் பாருங்கள், அந்த இடம் காலியானால் வருஷப் போக்கில் பக்கத்துப் பல் சாயும், மேல் பல் கீழே இறங்கும். ஆனால் வேர் சிகிச்சைக்கு வழியே இல்லாமல் மாதக்கணக்கில் சீழோடு இருப்பதைவிட எடுத்துவிடுவதே மேல், அதில் தப்பொன்றும் இல்லை. வட்டிக்கு வாங்கிச் செய்ய மட்டும் வேண்டாம். வலி தாங்கவே முடியாவிட்டால் பத்தாயிரம் சொன்ன அந்தத் தனியார் மருத்துவரிடமே, "இன்றைக்குப் பல்லைத் திறந்து வலியை மட்டும் எடுத்துவிடுங்கள், மீதியை நான் கல்லூரியில் பார்த்துக்கொள்கிறேன்" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். பலரும் கொஞ்சப் பணத்துக்கே செய்து கொடுப்பார்கள். ஆனால் அந்த நிவாரணம் தற்காலிகம்தான், சீக்கிரம் கல்லூரிக்குப் போய்விட வேண்டும். அப்புறம் கேப்பை விட்டுவிடாதீர்கள், கேப் போடாத வேர் சிகிச்சைப் பல் என்றைக்காவது ஒரு முறுக்கைக் கடிக்கும்போது பிளந்துவிடக்கூடும். பின்பல்லுக்கு வெள்ளை கேப் அவசியமில்லை, உலோக கேப் மலிவு, உறுதியும் அதிகம்.

பையன் விஷயத்தில்தான் எனக்கு அவசரம். ஆறு வயதில் பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமல் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது பால் பல் இல்லை, ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். விழுந்து முளைக்கும் என்று நினைத்துப் பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். பையனின் ஓட்டை அந்தப் பல்லில் இருக்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் சிகிச்சைக்குப் போகும் அன்றே அவனையும் கூட்டிப் போங்கள், இந்தக் கட்டத்தில் சொத்தையைச் சுரண்டிச் சிமென்ட் வைத்து அடைப்பது சின்ன வேலைதான். அரசுப் பள்ளியில் படிக்கிறான் என்றால் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் காட்டச் சொல்லுங்கள், சொத்தைப் பல்லும் அவர்கள் பார்க்கிற பட்டியலில் உண்டு. வீட்டில் ஃபுளோரைடு உள்ள சாதாரணப் பேஸ்ட், பட்டாணி அளவு, காலையிலும் படுக்கப் போகும் முன்னும். ராத்திரி தேய்ப்பதை நீங்களே தேய்த்துவிடுங்கள், ஏழு வயதுக் கைக்குப் பின்பல் வரை எட்டாது.