சான்றிதழ் எனக்கு, பாண்டு கம்பெனிக்கா?

கேள்வி: மென்பொருள் நிறுவனம் ஒன்றில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். கிளவுட் (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினி வசதி) சான்றிதழ் இல்லாதவர்களுக்கு இனி நல்ல ப்ராஜெக்ட் கிடைக்காது என்கிறார் மேலாளர். பயிற்சி, தேர்வு எல்லாம் சேர்த்து என் இரண்டு மாதச் சம்பளம் ஆகும். கம்பெனியே கட்டுகிறதாம், ஆனால் இரண்டு வருட பாண்டில் கையெழுத்துப் போட வேண்டும், இடையில் விலகினால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். பேசாமல் கிரெடிட் கார்டில் நானே கட்டிவிடவா?

பதில்: கிரெடிட் கார்டு வேண்டாம். சம்பள உயர்வு வரலாம், வராமலும் போகலாம். கார்டு பாக்கியை இழுத்தடித்தால் வட்டி வந்தே தீரும்.

எங்கே போனாலும் செல்லுபடியாகும் திறமைக்கு ஊழியர்தான் விலை கொடுப்பார், கட்டணமாக இல்லாவிட்டால் குறைந்த சம்பளமாக என்று 1960களிலேயே எழுதினார் பொருளியலாளர் கேரி பெக்கர். கற்றுக்கொண்டு போட்டிக் கம்பெனிக்குப் போய்விடுவீர்களோ என்ற பயம்தான் அந்த பாண்டு.

ஆனால் உங்கள் விஷயத்தில் கம்பெனிக்கும் நேரடி லாபம் இருக்கலாம். பெரிய கிளவுட் நிறுவனங்களின் பார்ட்னர் பட்டியலில், அதாவது அவர்கள் சேவையை அமைத்துத் தர அவர்களே அங்கீகரித்த கம்பெனிகளின் பட்டியலில் மேலே போக, சான்றிதழ் பெற்ற ஊழியர்கள் இத்தனை பேர் வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. உங்கள் கம்பெனி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் உங்கள் சான்றிதழ் அவர்கள் கணக்கிலும் ஏறுகிறது. அப்புறம் என்ன, தைரியமாகப் பேரம் பேசலாம்.

பேச வேண்டியது பாண்டின் வாசகத்தை. இப்போதுள்ளபடி 23-ஆம் மாதம் விலகினாலும் முழு இரண்டு மாதச் சம்பளமும் போகும். மாதாமாதம் 24-இல் ஒரு பங்கு கழியும் என்று மாற்றச் சொல்லுங்கள். 18 மாதம் முடித்து விலகினால் அரை மாதச் சம்பளம்தான் பாக்கி. கம்பெனியே ஆட்குறைப்பு செய்தால் எதுவும் தர வேண்டியதில்லை என்று ஒரு வரியும் வேண்டும். ரசீதில் உள்ள தொகை மட்டுமே கணக்கில் வர வேண்டும். 'பயிற்சி நாட்களின் சம்பளம்' என்று பின்னால் சேர்க்கும் கம்பெனிகளும் உண்டு. மெயிலில் "பார்த்துக்கலாம்" என்று ஹெச்ஆர் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தச் சான்றிதழ்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வருடத்தில் காலாவதியாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்கு இரண்டு வருடக் கட்டு, என்னைக் கேட்டால் அதிகம். ஒரு வருடம் கேட்டுப் பாருங்கள்.

மறுத்தால்? பயிற்சிக் கட்டணத்தையும் தேர்வுக் கட்டணத்தையும் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் பணத்தை விழுங்குவது பயிற்சி வகுப்புதான். கிளவுட் நிறுவனங்களே இலவசப் பாடங்களை வெளியிடுகின்றன. மூன்று வருட அனுபவம் உள்ள நீங்கள் அவற்றை வைத்தே படித்துவிட்டு, தேர்வுக் கட்டணத்தை மட்டும் சேமிப்பிலிருந்து கட்டலாம். நான் முதலில் முயல்வது இதைத்தான். அப்போது பாண்டே தேவையில்லை.

கம்பெனி காசில் எழுதுவதாக இருந்தால் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: முதல் முறை தேறாவிட்டால் மறுதேர்வுக் கட்டணம் யாருடையது, அதற்கும் பாண்டு நீளுமா?