விளக்கு யாருக்கும் தொந்தரவில்லை

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். எனக்கு வயது 44. நங்கநல்லூரில் குடியிருக்கிறோம். எழும்பூரில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறினால், எழும்பூரில் இறங்கும் வரை கையில் புத்தகம்தான். மாயமும் காதலும் கலந்த ஆங்கில நாவல்கள். ‘ரொமான்டசி’ என்று இப்போது சொல்கிறார்களே, அவை. டிராகன் மேல் ஏறிப் போரிடும் பெண்கள், சாவே இல்லாத அரசர்கள், எதிரியாக அறிமுகமாகி அறுநூறு பக்கம் கழித்து உயிரையே கொடுக்கும் நாயகன். மூன்று வருடமாக இவற்றைத்தான் படிக்கிறேன். இதில் என்ன தவறு?

என் கணவருக்கு இது கேலிப்பொருள். சித்திரையில் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்தியில் எல்லார் முன்னாலும், “என் மனைவிக்கு நான் போதாது. அவளுக்குச் சிறகு முளைத்த ராஜகுமாரன் இருக்கிறான்” என்றார். என் இலையில் அப்போதுதான் ரசம் ஊற்றியிருந்தார்கள். அது சோற்றைச் சுற்றி ஓடி, இலை விளிம்பைத் தாண்டி மேசைத் தாளில் இறங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தேன்; அணை கட்டக் கை வரவில்லை. நாத்தனார் சிரித்தார். மாமியார், “இந்த வயதில் என்ன காதல் கதை?” என்றார். அவர் தினமும் மூன்று தொடர்கள் பார்க்கிறார். அதை யாரும் கேட்பதில்லை.

வீட்டில் எந்த வேலையையும் நான் விட்டதில்லை. காலை நான்கரைக்கு எழுந்து, மகனுக்கும் அவருக்கும் டிபன் பாக்ஸ் கட்டி, மாமியாருக்கு மாத்திரை எடுத்து வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். என் சம்பளம் வீட்டுக் கடனுக்கே போய்விடுகிறது. புத்தகங்களைக்கூட அலுவலகத் தோழிகளிடம்தான் மாற்றிப் படிக்கிறேன். இரவு பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்த பிறகுதான் புத்தகத்தைத் தொடுகிறேன். நள்ளிரவு வரை படிக்கிறேன் என்று அதற்கும் ஒரு குறை. யாருக்கு என்ன நஷ்டம்? போன கார்த்திகையில் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள், அப்போதிலிருந்து அவர் கூடத்தில்தான் படுக்கிறார், அதனால் விளக்கு யாருக்கும் தொந்தரவில்லை. கண்ணும் என்னுடையது, தூக்கமும் என்னுடையது.

அவருக்கு என்மேல் எவ்வளவு அக்கறை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் நந்தனம் புத்தகக் கண்காட்சிக்குச் சேர்ந்துதான் போவோம். இந்த வருடம் என்னால் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. அவர் மட்டும் போய் ஒரு புத்தகம் வாங்கி வந்தார். ஒரு வரிசையின் மூன்றாம் பாகம்! முதல் இரண்டை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அட்டையைப் படிக்கக்கூடவா தோன்றாது? பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. இப்படிப்பட்டவர்தான் ஊர் கூடிய இடத்தில் சிறகு முளைத்தவன் என்று பேசுகிறார்.

போன வாரம் இரவு நான் படித்துக்கொண்டிருந்தபோது கதவருகே வந்து நின்றார். “என்ன?” என்றேன். “ஒன்றுமில்லை, நீ அவனோடு இரு” என்று போய்விட்டார். எத்தனை நாள் இந்தக் கேலியைப் பொறுப்பது? நான் படிப்பதை விட்டுவிட வேண்டுமா? இவர்கள் வாயை அடைக்க வழி இருக்கிறதா?

இப்படிக்கு,
ஒரு வாசகி, நங்கநல்லூர், சென்னை

அன்புச் சகோதரி,

படிப்பதை விட வேண்டாம். அந்தக் கேள்விக்கு இதுதான் பதில். நாத்தனாரின் சிரிப்பையும் மாமியாரின் தொடர்களையும் நான் தொடப்போவதில்லை. நஷ்டக் கணக்குச் சொல்லும்போது போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவர் கூடத்தில் படுக்கிறார், அதனால் விளக்கு யாருக்கும் தொந்தரவில்லை. அந்த இடத்தில் கடிதத்தை மடியில் வைத்துவிட்டேன்.

இலையில் ஓடிய ரசத்துக்கு இத்தனை வார்த்தை கொடுத்த நீங்கள், உடம்பிலிருந்து ஓர் உறுப்பை எடுத்ததையும், பக்கத்துத் தலையணை பதினொரு மாதமாகக் காலியாக இருப்பதையும் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். இந்த அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் கவனமாக இருக்கச் சொல்வார்கள். தையல் மேல் கை பட்டுவிடுமோ என்று அவர் பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருக்கலாம். அந்த எட்டு வாரம் தை மாதத்தோடு முடிந்தது. அதன்பின் “உள்ளே வந்து படுங்கள்” என்று நீங்கள் சொன்னீர்களா? “வரட்டுமா” என்று அவர் கேட்டாரா? கடிதத்தில் இரண்டும் இல்லை.

கர்ப்பப்பையை எடுத்த பல பெண்கள் என்னிடம் வெகுநேரம் வேறு எதையோ பேசிவிட்டு, எழுந்து போகும்போது கேட்பார்கள், “இனி அவருக்கு நான் எதற்கு?” என்று. கணவர் தள்ளிப் படுப்பதை அந்தப் பயத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள். கணவரோ, அவளுக்கு வலிக்குமோ, அவளே விரும்பவில்லையோ என்று நினைத்துக்கொண்டு கூடத்தில் கிடப்பார். உங்கள் வீட்டிலும் இதுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒருவேளை அவர் திரும்பி வருவதே உங்களுக்குப் பயமாக இருக்கலாம். வலியை நினைத்துத் தயங்கலாம். அப்படியென்றால் புத்தகம் நல்ல வேலிதான். ஆனால் அது வேலி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்க ஆய்வாளர் ஜேனிஸ் ராட்வே, காதல் நாவல் படிக்கும் பெண்களிடம் பேசி 1984-ல் ஒரு நூல் எழுதினார். வீட்டில் எல்லாரையும் கவனித்துக்கொள்ளும் அந்தப் பெண்களுக்குப் புத்தகம் விரித்த நேரம் மட்டுமே சொந்த நேரமாக இருந்தது. நாயகியைக் கனிவோடு தாங்கும் நாயகனே அவர்களுக்குப் பிடித்தவன். நான்கரை மணிக்கு எழும் உங்களைத் தாங்கவும் ஒருவர் வேண்டும். அதற்கு ஏங்குவதில் வயது எங்கே வந்தது?

நீங்கள் படிக்கும் கதைகள் பலவற்றில் ஒரு மாய இணைப்பு வருமே. அவள் விரலில் கீறினால் எங்கோ இருக்கும் அவனுக்கு வலிக்கும், கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். கூடத்தில் படுத்திருப்பவருக்கு அந்த வரம் கிடையாது. உங்களுக்கும் கிடையாது. அதனால்தான் அவர் கதவருகே வந்து நின்ற இரவில், அவர் எதற்கு வந்தார் என்பது உங்களுக்குத் தெரியவில்லை.

இனி நான் சொல்வது கசக்கும். பந்தியில் அவர் பேசியது தவறு. அதை அவரிடம் நேரில் சொல்லுங்கள். ஆனால் “நான் போதாது” என்ற சொல்லை நீங்கள் கேலியாக மட்டும் கேட்டிருக்கிறீர்கள். தனியாக உங்களிடம் சொல்ல வேண்டிய துக்கத்தை அவர் தப்பான இடத்தில் கொட்டிவிட்டார் என்றே எனக்குப் படுகிறது. அந்த மூன்றாம் பாகத்தையும் அக்கறையின்மைக் கணக்கில் எழுதிவிட்டீர்கள். மனைவி கட்டிலில் கிடக்கும் ஜனவரியில், தனக்கு ஒரு வரிகூடப் பிடிக்காத வகை நாவலை அந்தக் கூட்டத்தில் தேடி வாங்கிவந்த மனிதர் அவர். உறையைக்கூட நீங்கள் பிரிக்கவில்லை. இதில் நான் அவர் பக்கம்.

மாயக் காதல் கதை நமக்குப் புதிதில்லை. வாணாசுரன் மகள் உஷை, முகம் மட்டும் தெரிந்த ஒருவனைக் கனவில் கண்டு ஏங்கினாள். தோழி சித்திரலேகை ஒவ்வொருவராகப் படம் வரைந்து காட்டி, அவன் கண்ணனின் பேரன் அநிருத்தன் என்று கண்டுபிடித்து, தன் மாயத்தால் அவனைக் கொண்டுவந்தாள். உஷை தன் கனவை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் சித்திரலேகை தூரிகையை எடுத்தாள்.

மகளிர் நல மருத்துவரிடம் ஒருமுறை இருவருமாகப் போய் வாருங்கள். வலி, வறட்சி, பயம் எதுவானாலும் கணவர் எதிரில் கேளுங்கள். சினைப்பைகளையும் எடுத்தார்களா என்பதைப் பொறுத்து உடம்பின் மாற்றங்கள் வேறுபடும்.

அதற்கு முன்னால், இந்த வாரத்தில் ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கூடத்துக்குப் போங்கள். அலமாரியில் இருக்கும் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போங்கள். எந்தக் கடையில், கடைக்காரரிடம் என்ன சொல்லிக் கேட்டு இதை வாங்கினீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். அதை அவர் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.