மூலிகை ஈஸ்ட்ரோஜன் கேப்சூல் ரத்தத்தை உறையவைக்குமா?

கேள்வி: எனக்கு 51 வயது. மாதவிடாய் நின்று ஒன்றரை ஆண்டு ஆகிறது. இரவில் குப்பென்று வியர்த்து உடம்பெல்லாம் அனல் அடிக்கிறது, தூக்கமே இல்லை. எங்கள் தெருவில் 'ஆரோக்கிய ஆலோசகர்' என்று ஒருவர் இருக்கிறார். அவர் கொடுத்த மூலிகை ஈஸ்ட்ரோஜன் கேப்சூலை மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். அனல் நன்றாகக் குறைந்திருக்கிறது. என் அக்காவும் அதையே சாப்பிடுகிறாள். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு இடது காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரல் வரை போய், பிழைத்து வந்தாள். இன்றும் ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை எடுக்கிறாள். ஈஸ்ட்ரோஜன் என்றாலே ரத்தம் உறையும் என்கிறாள் என் மகள். ஆலோசகரோ, 'இது வெறும் செடி, பக்கவிளைவே கிடையாது' என்கிறார். யார் சொல்வது சரி? — ஒரு வாசகி, கும்பகோணம்

ரத்தநாள அறுவைச் சிகிச்சை நிபுணரின் பதில்:

உங்கள் மகள் சொல்வதில் பாதி சரி. ஆலோசகர் சொல்வதில் எதுவும் சரியில்லை. செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இன்றிரவே அந்தக் கேப்சூலை நிறுத்திவிடுங்கள். உங்கள் அக்காவும் நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் தானாக நிறுத்தக் கூடாது. அசிட்ரோம் எழுதித்தரும் மருத்துவரிடம் நாளைக் காலையிலேயே பேசிவிட்டு, அவர் சொல்கிறபடி நிறுத்த வேண்டும். இருவருக்கும் ஏன் வேறு வேறு விதி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக விழுங்கினால் அது குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களையும், அளவுக்கு மீறி உறையாமல் காக்கும் புரதங்களையும் உண்டாக்குவது கல்லீரல்தான். மாத்திரை ஈஸ்ட்ரோஜன் வந்தால் முதல் வகை கூடுகிறது, இரண்டாம் வகை குறைகிறது. 2002இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் கலந்த மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் 10,000 பேருக்கு ஆண்டுக்கு 16 பேர் என்றிருந்த ரத்த உறைவு, ஹார்மோன் சாப்பிட்டவர்களில் 34 ஆனது. இரண்டு மடங்கு என்று கேட்டால் பயமாக இருக்கும். 10,000க்கு 34 என்று கேட்டால் அவ்வளவு பயமாக இருக்காது. இரண்டும் உண்மைதான்.

இது நிஜ ஈஸ்ட்ரோஜனின் கதை. சோயா, ஆளி விதை, ரெட் குளோவர் போன்ற செடிகளில் இருப்பவை ஈஸ்ட்ரோஜன் அல்ல. அதன் சாயல் கொண்ட பொருள்கள். உடம்பில் ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டும் இடத்திலேயே இவையும் ஒட்டும், ஆனால் வலு பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே. ஆகவே மீல் மேக்கர் குழம்பையும் எள்ளுருண்டையையும் உளுந்தங்களியையும் ரத்த உறைவுக்குப் பயந்து யாரும் விட வேண்டாம். அவற்றுக்கும் இந்தப் பேச்சுக்கும் சம்பந்தமே இல்லை.

கேப்சூல் வேறு. செடியின் சத்தைச் செறிவான சாறாக்கி, தினமும், மாதக்கணக்கில் விழுங்குகிறோம். அதனால் ரத்தம் உறைகிறது என்று நிரூபணம் இருக்கிறதா? இல்லை. உறையாது என்று நிரூபணம் இருக்கிறதா? அதுவும் இல்லை. ஆயிரத்தில் ஒருவர், இருவருக்கு வருகிற நோயை நூறு பேரை வைத்து மூன்று மாதம் நடத்தும் ஆய்வு எப்படிக் காட்டும்? பெரிய கண்ணி வலையில் நெத்திலி சிக்கவில்லை என்பதற்காகக் கடலில் நெத்திலியே இல்லை என்று சொல்வதுபோல் ஆகும். 2015இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்தச் சோயாச் சத்துக்களை ஆராய்ந்து, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அவை கெடுதல் செய்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. விற்பவர்கள் அதைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். ஆணையம் பார்த்தது மார்பகம், கருப்பை, தைராய்டு ஆகிய மூன்றை மட்டும்தான் என்பதைப் போடுவதில்லை.

'வலு குறைந்தது, அதனால் ஆபத்தில்லை' என்ற வாதமும் எனக்கு ஒப்பவில்லை. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் தமாக்சிஃபென், மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிற மருந்து. அதே மருந்து ரத்த உறைவு வாய்ப்பை இரண்டு, மூன்று மடங்கு கூட்டுகிறது. ஓர் உறுப்பில் எதிரியாக இருப்பது இன்னோர் உறுப்பில் கூட்டாளியாகிவிடும்.

இருந்தாலும் என் கவலை செடியைப் பற்றியது அல்ல. டப்பாவுக்குள் செடிதான் இருக்கிறதா என்பதே என் கவலை.

அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியில் பிசி-ஸ்பெஸ் என்று ஒரு கேப்சூல் விற்றது. எட்டு மூலிகைகள் கலந்தது, புராஸ்டேட் சுரப்பிக்கு நல்லது என்றார்கள். புராஸ்டேட் புற்றுநோய் இருந்த ஆண்கள் வாங்கிச் சாப்பிட்டார்கள். அசாதாரணமாக வேலை செய்தது. கூடவே அந்த ஆண்களுக்கு மார்பு வீங்கி வலித்தது, சிலருக்கு ரத்தம் உறைந்தது. 1998இலேயே இதில் ஈஸ்ட்ரோஜன் குணம் இருக்கிறது என்று மருத்துவ இதழில் வந்துவிட்டது. மூலிகையின் மகிமை என்று நினைத்தவர்களே அதிகம். 2002இல் ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தபோது டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் இருந்தது. வார்ஃபரின் இருந்தது, அதாவது ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. வலி மாத்திரையான இண்டோமெதாசினும் இருந்தது. தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி அளவு மாறியது. எட்டு மூலிகை என்று நம்பியவர் ஒரு டப்பாவில் ரத்தம் உறையவைக்கும் மருந்தையும் அடுத்த டப்பாவில் ரத்தக் கசிவு உண்டாக்கும் மருந்தையும் விழுங்கியிருக்கலாம். அந்த ஆண்டே சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். சட்டமும் ஆய்வகமும் வலுவாக உள்ள நாட்டில் இதைக் கண்டுபிடிக்க ஆறு ஆண்டு ஆனது.

இப்போது உங்கள் டப்பாவைக் கையில் எடுங்கள். பின்பக்கம், பார்கோடுக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடிகிற எழுத்தில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் இருக்கும். உணவுச் சத்துப் பொருளாக உரிமம் வாங்கிய எதிலும் அப்படி அச்சிட வேண்டும் என்பது விதி. டப்பா தன்னை மருந்தில்லை என்கிறது. தெருவில் விற்பவர் மருந்து என்கிறார். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண்ணைக் காட்டி 'அரசு அங்கீகாரம்' என்பார். முறுக்குப் பாக்கெட்டிலும் அந்த எண் இருக்கிறது. உணவு தயாரிக்க உரிமம் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. அனல் குறையும் என்றோ ரத்தம் உறையாது என்றோ அரசு சான்று தரவில்லை. அடுத்து, ஒவ்வொரு மூலிகையும் எத்தனை மில்லிகிராம் என்று பிரித்துப் போட்டிருக்கிறதா பாருங்கள். 'தனிக் கலவை' என்று மொத்தமாக ஓர் எண் மட்டும் இருந்தால், அதை விற்பவருக்கும் உள்ளே என்ன என்று தெரியாது. அவருக்குத் தெரிந்தது, உங்களுக்குக் கீழே இன்னும் நான்கு பேரைச் சேர்த்தால் தனக்கு எத்தனை சதவீதம் கமிஷன் என்பது மட்டும்.

அரசு சித்த மருத்துவமனையில் படித்த மருத்துவர் நாடி பார்த்துக் கொடுக்கும் தண்ணீர்விட்டான் கிழங்குச் சூரணத்தை நான் இதில் சேர்க்கவில்லை. அங்கே கேள்வி கேட்க ஓர் ஆள் இருக்கிறார்.

இந்தக் கேப்சூலைப் பற்றி உணவுத் துறையைக் கேட்டால் இது மருந்து விவகாரம் என்பார்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையைக் கேட்டால் இது உணவு என்பார்கள். எங்கள் தரப்பும் யோக்கியம் இல்லை. புறநோயாளிச் சீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்தம் எழுத இடம் இருக்கிறது. 'வேறு என்ன கேப்சூல் சாப்பிடுகிறீர்கள்' என்று எழுத ஒரு வரி இல்லை. காலில் ரத்தம் உறைந்து என்னிடம் வரும் பெண்களிடம் நானாகக் கேட்டால்தான் கைப்பையிலிருந்து டப்பா வெளியே வருகிறது. சிலரிடம் மூன்று டப்பா இருக்கும்.

மூன்று மாதத்தில் அனல் 'நன்றாக'க் குறைந்தது என்கிறீர்கள். வெறும் மாவு கேப்சூல் கொடுத்தாலும் கணிசமான பெண்களுக்கு அனல் குறைவது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். உங்களுடையதும் அப்படி இருக்கலாம். ஆனால் மார்பு கனத்து வலித்தாலோ, நின்றுபோன தீட்டு மறுபடி வந்தாலோ, உள்ளே நிஜ ஈஸ்ட்ரோஜன் கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். 'இளமை திரும்புகிறது' என்று ஆலோசகர் கைதட்டுவார். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் மகப்பேறு மருத்துவரிடம் போய்க் கருப்பையை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

இனி அக்கா விஷயம். இதை நிதானமாகப் படியுங்கள், முடிந்தால் அவருக்கும் படித்துக் காட்டுங்கள். அசிட்ரோம், வார்ஃபரின் ஆகிய மருந்துகளின் அளவை ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை வைத்து நிர்ணயிக்கிறோம். அவரைப் போன்றவர்களுக்கு அது பொதுவாக 2க்கும் 3க்கும் இடையே நிற்க வேண்டும். குறைந்தால் மறுபடி உறையும். கூடினால் ரத்தம் கசியும், அது மூளையில் கசிந்தாலும் வியப்பில்லை. மூன்று மாதமாக அந்தக் கேப்சூலைச் சாப்பிட்டுக்கொண்டேதான் அவர் பரிசோதனைக்குப் போயிருப்பார். அதாவது அவருடைய அசிட்ரோம் அளவு கேப்சூலையும் சேர்த்தே ஒத்துப்போயிருக்கும். மாதவிடாய்க் கலவைகளில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையைச் சேர்ப்பது உண்டு. அது கல்லீரலை முடுக்கி, இந்த மருந்துகளை வேகமாக வெளியேற்றும். மருத்துவர் காரணம் தெரியாமல் அளவைக் கூட்டியிருப்பார். இப்போது திடீரென்று கேப்சூலை நிறுத்தினால், இரண்டு வாரத்துக்குள் கல்லீரல் பழைய நிலைக்கு வரும், கூட்டிய மாத்திரை கூடுதலாக வேலை செய்யும், ரத்தம் கசியும். டாங் குவாய் என்ற சீன மூலிகை இருந்தால் கதை தலைகீழ்: அது மருந்தின் வேகத்தைக் கூட்டும், நிறுத்தினால் குறையும். எது இருக்கிறது என்று டப்பாவை நம்பிச் சொல்ல முடியாது என்பதால்தான், முதலில் மருத்துவர், பிறகு நிறுத்தம் என்கிறேன். நிறுத்தும் நாளில் ஓர் ஐ.என்.ஆர்., ஒரு வாரம் கழித்து ஒன்று, இரண்டு வாரம் கழித்து இன்னொன்று எடுக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் கேப்சூலோடு சேர்த்து அசிட்ரோமையும் நிறுத்திவிடக் கூடாது. அதைச் செய்துவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள்.

உங்களுக்கு வருகிறேன். கூடப் பிறந்தவருக்கு ரத்தம் உறைந்திருந்தால் உங்களுக்கு அந்த வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. கேப்சூலைவிட இதுதான் பெரிய விஷயம். இதைக் கேட்டதும் 'முழு உடல் பரிசோதனை' விற்கும் லேப்காரர்கள், ரத்த உறைவின் தடயத்தைத் தேடும் டி-டைமர் பரிசோதனையை உங்கள் தலையில் கட்டுவார்கள். அறிகுறி இல்லாதவருக்கு அது வேண்டாம். வயது, சளிக்காய்ச்சல், அடிபட்டது என்று எதற்கும் அது கூடும், பிறகு தேவையில்லாத ஸ்கேன்களுக்கு அலைவீர்கள். எகோஸ்ப்ரின் என்ற ஆஸ்பிரின் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வதும் காப்பு ஆகாது. வீட்டு விசேஷம், கோயில் பயணம் என்று மாதவிடாயைத் தள்ளிப்போட மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்குகிற நோரெதிஸ்டிரோன் மாத்திரையை உங்கள் மகள் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். வழக்கமாகச் சொல்லும் ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை என்ற அளவில் அதில் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாகவே மாறுகிறது. மூலிகைக்கு எச்சரிக்கும் மகளும் பெரியம்மாவின் கதையை மருத்துவரிடம் சொல்லாமல் அதைத் தொடக் கூடாது.

அனலுக்கு வழி இருக்கிறது. தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல் கல்லீரலை முதலில் தொடாததால், இதுவரை வந்த ஆய்வுகளில் ரத்த உறைவைக் கூட்டியதாகத் தெரியவில்லை. 2002 ஆய்வில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63 என்பதை மறந்து, அன்றிலிருந்து எல்லா வயதுப் பெண்களையும் ஹார்மோன் என்ற பேச்சிலிருந்தே விரட்டியது எங்கள் துறைதான். விரட்டிய பெண்கள் போய் நின்ற இடம் இந்த ஆலோசகரின் வாசல். ஜெல் உங்களுக்கு ஏற்றதா என்பதை அக்காவின் நோய் விவரத்தைச் சொல்லி மகப்பேறு மருத்துவரிடம் முடிவு செய்யுங்கள். வேண்டாமென்றால் வென்லாஃபாக்சின், கபாபென்டின் போன்ற ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் அனலைக் குறைக்கும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்துச் சூடாக இருந்தால் அன்றே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றால் 108. டப்பாவைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தொகுதி எண்ணோடு மருத்துவரிடம் காட்டுங்கள். ஏதாவது கெடுதல் நேர்ந்திருந்தால் 1800-180-3024 என்ற மருந்துப் பக்கவிளைவு கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண்ணில் நீங்களே புகார் செய்யலாம். அதற்கு மருத்துவர் கையெழுத்து தேவையில்லை.