ஹோட்டன் சமவெளிக்குப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

நுவரெலியாவில் வேன் ஓட்டுகிறேன். லீவு நாள் நெருங்கினால் எல்லோரும் கேட்பது இங்குள்ள மலைமேல் தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளியைப் பற்றித்தான். இந்த முறை வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவிடுகிறேன்.

அண்ணா, யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பமாக வருகிறோம். காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு எட்டு மணிபோல நுவரெலியாவிலிருந்து வெளிக்கிட்டால் சரிதானே?

சரிவராது தங்கச்சி. பட்டிப்பொல வழியாக 32 கிலோமீட்டர் மலைப்பாதை, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். வாசலில் டிக்கெட் வரிசை. வாகனத்தை விட்டுவிட்டு, உலக முடிவு என்கிற செங்குத்தான மலை விளிம்புக்கு நடக்க இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். நீங்கள் போய்ச் சேரும்போது பத்தரை தாண்டிவிடும். வெயில் ஏற ஏறக் கீழே தாழ்நிலத்து ஈரக்காற்று சூடாகி, அந்தச் செங்குத்துச் சரிவோடு மேலே வந்து குளிர்ந்து முகிலாகிவிடும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் அநேகமான நாட்களில் முன்னால் வெறும் வெள்ளைதான். பலர் அந்த வெள்ளையின் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்புவார்கள்.

அதனால் விடிய ஐந்து மணிக்கு முன்னமே கிளம்புங்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வாருங்கள். முடிந்தால் நுவரெலியாவில் இரண்டு இரவு போடுங்கள். முதல் நாள் விடிய மழையென்றால் அடுத்த நாள் கையில் இருக்கும். என்னைக் கேட்டால், ஹோட்டலைவிட முக்கியமானது அந்த இரண்டாவது காலைதான்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரியிலிருந்து மார்ச் வரை. வானம் தெளிவாக இருக்கும். ஆனால் ஜனவரி, பெப்ரவரியில் விடியப்புறம் புல்லில் உறைபனி பிடிக்கும், கையுறை வேண்டும். ஏப்ரல் நுவரெலியா சீசன். அறை வாடகையும் வாகன நெரிசலும் சேர்ந்தே ஏறும்.

நடை எவ்வளவு தூரம்? அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு.

சுற்றுப்பாதை கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர், ஆறுதலாக நடந்தால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல். ஏற்றம் பெரிதில்லை. ஆனால் கல்லும் வேரும் சேறும். 2,100 மீட்டருக்கு மேலே என்பதால் மூச்சும் கொஞ்சம் வாங்கும். பாதை பிரிகிற இடத்தில் உலக முடிவுப் பக்கம் முதலில் போங்கள். பேக்கர் அருவியைத் திரும்பும்போது பார்க்கலாம், அருவி பத்து மணிக்குப் பிறகும் அங்கேதான் இருக்கும். அருவிக்கு இறங்கும் படிகள் அம்மாவுக்குச் சரிவராது. அவர் ஃபார் இன் பக்கம் இருக்கட்டும். முன்பு வெள்ளைக்காரர் வேட்டைக்கு வந்து தங்கிய பங்களா அது, இப்போது பார்வையாளர் நிலையம். விடியப்புறம் மரைகள் (கடமான்கள்) அங்கே வாகனத்தடிக்கே வந்து நிற்கும். தயவுசெய்து பிஸ்கட் கொடுக்காதீர்கள்.

பைகளைச் சோதிப்பார்களாமே?

ஆம். பொலித்தீன் உறை எதுவும் உள்ளே போகாது. பிஸ்கட்டைப் பிரித்துக் கடதாசியில் மாற்றச் சொல்வார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூடக் கிழித்தெடுப்பார்கள். சிலருக்குக் கோபம் வரும், எனக்கு வராது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தண்ணீர் போகிற மலை இது. வீட்டிலேயே டிபன் பெட்டியில் போட்டு வந்தால் வரிசையில் நேரம் மிச்சம்.

கனடாவிலிருந்து வருகிறோம். கட்டணம்?

வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு. அதற்கு மேல் சேவைக் கட்டணம், வரி, வாகனக் கட்டணம் என்று சேரும். இலங்கை அடையாள அட்டை இருப்பவர்கள் மறக்காமல் கொண்டுவாருங்கள்.

ரயிலில் வந்து அன்றைக்கே பார்த்துவிட்டுத் திரும்பலாமா?

ஒஹிய ஸ்டேஷனிலிருந்து மேலே 11 கிலோமீட்டர் ஏற்றம். பகல் ரயில் வந்து சேரும் நேரத்துக்கு மேலே முகில் மூடியிருக்கும். நானுஓயாவில் இறங்கி நுவரெலியாவில் தங்குங்கள். பெருமழைக்குப் பிறகு மலைநாட்டுப் பாதையில் மண்சரிவு சகஜம். ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டே டிக்கெட் எடுங்கள்.

உலக முடிவில் அப்படி என்னதான் இருக்கிறது?

கிட்டத்தட்ட 880 மீட்டர் நேர் பள்ளம். தெளிந்த காலையில் கீழே தேயிலைத் தோட்டமும் தொழிலாளர் லயன் வீட்டுக் கூரைகளும் தீப்பெட்டி அளவில் தெரியும், தூரத்தில் உடவளவை நீர்த்தேக்கம் மின்னும். விளிம்பில் கால் தொங்கப்போட்டுப் படம் எடுக்க வேண்டாம், பாறை ஈரமாக இருக்கும்.

பிள்ளைகளுக்கு யானை, சிறுத்தை காட்டலாமா?

யானை இப்போது இல்லை. சிறுத்தை உண்டு, ஆனால் அதை எதிர்பார்த்து வர வேண்டாம். அதைவிடப் பாதையோரக் கிளைகளை மெதுவாகப் பார்த்து வரச் சொல்லுங்கள். மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்போடு ஓர் ஓணான் அசையாமல் ஒட்டியிருக்கும். இலங்கையின் மலைநாட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத சாதி அது.

உலக முடிவு ஏற்கெனவே பார்த்துவிட்டேன். வேறு?

கிரிகல்பொத்த ஏறுங்கள், நாட்டின் இரண்டாவது உயர்ந்த மலை. போக மட்டும் ஏழு கிலோமீட்டர் அளவில், தனியாகப் போக வேண்டாம். அவ்வளவு முடியாதென்றால் பட்டிப்பொல வாசல் பக்கம் தொட்டுபொல கந்த இருக்கிறது. சின்ன நடை, கூட்டமும் குறைவு. இரண்டுக்கும் கிளம்புமுன் வாசலில் சொல்லிவிட்டுப் போங்கள்.