70-200 லென்ஸுக்கு எந்தத் தோள் பை?

கேள்வி: பாலக்கோட்டில் கல்யாண போட்டோ எடுக்கிறேன், போக்குவரத்து எல்லாம் பைக்தான். ஒரு ஃபுல் ஃப்ரேம் கேமரா, 24-70, 70-200 என இரண்டு லென்ஸ் (இரண்டும் எஃப் 2.8), ஒரு ஃபிளாஷ். ஒகேனக்கல் அவுட்டோருக்கும் சேர்த்து ஒரே தோள் பை போதுமா? லேப்டாப்பும் வைக்கிற மாதிரி பெரிய வாட்டர்ப்ரூஃப் பை எடுக்கச் சொல்கிறார் கடைக்காரர்.

பதில்: ஒரே பை போதும், ஆனால் அந்தப் பெரிய பை வேண்டாம். காலி இடம் இருந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது திணிக்கும். கேமரா முக்கால் கிலோ, 24-70 அதே அளவு அல்லது கொஞ்சம் கூட, 70-200 மாடலைப் பொறுத்து ஒன்று முதல் ஒன்றரை கிலோ, பேட்டரியோடு ஃபிளாஷ் அரை கிலோ, பை ஒரு கிலோ. நாலு கிலோ தாண்டியாயிற்று. ஒரு தோளுக்கு இதுவே அதிகம்.

நீங்கள் பார்க்க வேண்டியது ஆழம். 70-200 நின்ற வாக்கில் உள்ளே போக 22, 23 செ.மீ. வேண்டும். அகலம் 33, முன்பின் 14. இவை உள்ளளவு. அட்டையில் அச்சடித்திருப்பது வெளியளவு, ஃபோம் இரண்டு மூன்று செ.மீ. தின்றுவிடும். டேப்பை எடுத்துப் போய் உள்ளே விட்டு அளங்கள். முடிந்தால் லென்ஸையே கொண்டு போய் வைத்து மூடிப் பாருங்கள்.

வார் 5 செ.மீ. அகலமாவது இருக்கட்டும். அது பையோடு சேரும் இடத்தில் சதுரத் தையலும் அதற்குள் பெருக்கல் குறி மாதிரி குறுக்குத் தையலும் இருக்க வேண்டும். ஒற்றை வரித் தையல் என்றால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் கொக்கியும் வேண்டாம். ஜிப்பை மூலை வரை ஒரே கையால் இழுத்துப் பாருங்கள், வளைவில் சிக்கினால் மண்டபத்திலும் சிக்கும்.

வாட்டர்ப்ரூஃப் என்பது வியாபாரப் பேச்சு. துணி தாங்கும், தையல் ஓட்டையும் ஜிப்பும் தாங்காது. ரெயின் கவர் தனியாக வருகிறதா என்று பாருங்கள். ‘கேமரா வாங்கினால் பை, ட்ரைபாட், ஃபில்டர் இலவசம்’ என்ற காம்போவில் எதுவும் இலவசமில்லை, விலை கேமராவில் ஏறியிருக்கும். பிராண்ட் லோகோவை மட்டும் தைத்த டூப்ளிகேட்டும் இப்படித்தான் கைமாறுகிறது. பில் கேட்டால் ‘எஸ்டிமேட்’ என்று ஒரு துண்டுச் சீட்டு நீட்டுவார்கள், வாங்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணமும் கிடையாது. எல்லாம் சரி, ஆனால் முதல் கேள்வியே ‘பில் எங்கே?’ என்பதுதான். பில் தராமல் விற்பவனை யாரும் கேட்பதில்லை, ஏமாந்தவன்தான் காகிதத்தோடு அலைய வேண்டும்.

அடுக்குவது சுலபம். 24-70 மாட்டிய கேமரா நடுவில், லென்ஸ் கீழ்நோக்கி. ஒரு பக்கம் 70-200, ஹூட்டைத் திருப்பி மாட்டி. மறு பக்கம் ஃபிளாஷ், கேமராவில் மாட்டும் கால் மேல்நோக்கி. சார்ஜ் ஆன பேட்டரியும் தீர்ந்ததும் வேறு வேறு பையறையில். தண்ணீர் பாட்டில் உள்ளே கூடாது. கனமான லென்ஸ் இருக்கும் பக்கம் உங்களுக்குப் பின்னால், இடுப்பை ஒட்டி வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பைக்கில் வார் குறுக்காக, இறுக்கமாக, பை முதுகில் இருக்கட்டும். ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கவிட்டால் அதிர்வில் லென்ஸ் திருகுகள் தளரும்.

எப்போதும் வாரைக் குறுக்காகப் போடுங்கள், பரிசலில் மட்டும் கூடாது. அங்கே லைஃப் ஜாக்கெட் போட்டிருப்பீர்கள். அதன் மேல் வாரை மாட்டிக்கொண்டால் பரிசல் கவிழும் நேரத்தில் நாலு கிலோ உங்களோடு வரும், அவசரத்தில் ஜாக்கெட்டைக் கழற்றவோ சரிசெய்யவோ வார் விடாது. ஜாக்கெட்டுக்குள் மாட்டினாலும் அதே கதைதான். வாரைக் கழற்றுங்கள். பரிசலின் அடியில் தண்ணீர் நிற்கும், அதனால் கீழேயும் வைக்காதீர்கள். தண்ணீர் புகாதபடி சுருட்டி மூடும் டிரை பேக்கில் கொஞ்சம் காற்றோடு போட்டு மடியில் வையுங்கள், உடம்பிலோ பரிசலிலோ கட்டாதீர்கள். ‘ஒண்ணும் ஆகாது சார்’ என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள்.

அருவிச் சாரல் அடிக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்று பையைத் திறங்கள். வீடு வந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பையைத் திறந்தபடி ஃபேன் காற்றில் ஒரு இரவு வையுங்கள். ஈரப் பையில் அடைபட்ட லென்ஸில்தான் பூஞ்சை பிடிக்கும். நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டால் அது ஈரம் இழுப்பதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம், மாற்றுங்கள்.