வியர்வை உலர வேண்டும்

அன்புள்ள ஐயா,

பல்லடம் அருகே ஒரு நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வெளியே 40 டிகிரி வெயில் அடிக்கும்போதும் உடம்பு 37 டிகிரியிலேயே நிற்பது எப்படி? எண்ணெய் தேய்த்துக் குளித்தால் சூடு தணியுமா? எங்கள் ஆலையில் பெண்கள் அடிக்கடி தண்ணீர் குடிக்கப் போகிறார்கள். நன்றாக வியர்த்தாலே உடம்பு குளிர்ந்துவிடுமே, பிறகு எதற்கு இந்தச் சாக்கு?

வாசகர், பல்லடம்

அன்புள்ள தம்பி,

எண்ணெய்க் குளியல் சுகமானது. குளியுங்கள், அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை. 37 டிகிரியைக் காப்பது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ். இரத்தத்தின் சூடு சற்றே ஏறினாலும் அது தோலடி இரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைச் சுரக்கவைக்கிறது. காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால் உடம்புக்கு மிஞ்சும் வழி வியர்வை ஒன்றுதான்.

ஆனால் என்னை எழுத உட்காரவைத்தது உங்கள் கடைசி வரி. வியர்த்தால் உடம்பு குளிராது தம்பி, வியர்வை உலர்ந்தால்தான் குளிரும். ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். அதே வியர்வை சொட்டித் தரையில் விழுந்தால் வெப்பம் உடம்பிலேயே தங்கிவிட, நீரும் உப்பும் மட்டும் வீணாகப் போகும். நூல் அறாமலிருக்க ஸ்பின்னிங் பகுதியின் காற்றில் ஈரம் ஏற்றுகிறீர்களே, அந்த ஈரத்தில் எந்த வியர்வை எளிதில் உலரும்? குளிரவில்லை என்று உடம்பு மேலும் மேலும் சுரக்கிறது, இரத்தத்தில் நீர் குறைகிறது, இருப்பதைத் தோலுக்கும் தசைக்கும் பங்கிட இதயம் விரைந்து அடிக்கிறது. தாகம் இதற்கெல்லாம் பின்தங்கியே வருகிறது. தாகத்துக்கு முன்பே குடிக்கப் போகிறவளைச் சாக்குச் சொல்கிறாள் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

என் அம்மா அப்படியொரு மில்லில் அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டிருந்தவர். தண்ணீர்க் குடம் வெளியே இருந்தது. யார் எத்தனை முறை போகிறார்கள் என்று ஒருவர் குறித்துக்கொள்வார். அம்மா போகாமலிருக்கப் பழகிக்கொண்டார். சித்திரையில் ஒரு மாலை வீடு திரும்பியவர் திண்ணையில் சாய்ந்து, "தலை கிறுகிறுன்னு வருது கண்ணு" என்றார்; பிறகு பேச்சு குழறியது. உடம்பு கொதித்தது. காய்ச்சல் என்று நினைத்துக் கம்பளி போர்த்தி, மாத்திரை கொடுத்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. காய்ச்சலில் ஹைப்போதலாமஸே வெப்பத்தின் அளவை உயர்த்தி வைக்கிறது, மாத்திரை அந்த அளவை இறக்குகிறது. வெப்பத்தாக்கிலோ அளவு 37இலேயே இருக்க, உடம்புதான் அதை மீறிப்போகிறது. மாத்திரைக்கு அங்கே வேலையில்லை. கம்பளி ஆளைக் கொன்றுவிடும். பக்கத்து வீட்டு ஆத்தா ஓடிவந்து கம்பளியை இழுத்தெறிந்து, கிணற்றுத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, முறத்தால் விடாமல் விசிறினார். உலராத வியர்வை செய்யத் தவறியதை அந்த முறம் செய்தது. அம்மா பிழைத்தார்.

உடம்பைப் பற்றிக் கேட்கத் தோன்றியதே உங்கள் நல்ல மனம்தான். நாளை ஷிப்டில் தண்ணீர்க் குடத்தை, பஞ்சு விழாதபடி மூடி போட்டு, அவர்கள் வேலை செய்யும் வரிசைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். உப்புப் போட்ட நீர்மோரும் இருக்கட்டும். வைத்த பிறகு எனக்கு எழுதுங்கள்.